வாயிலுக்கு வந்தவளும் வராத ஆயிரவரும்

மன்றங்களிலே சிலப்பதிகாரம் பேசப்படும்போதெல்லாம் ஒரு கட்டம் வந்ததும் கையொலி கூரையைப் பிளக்கும். விரித்த கூந்தலும் வெடிக்கும் நெஞ்சும், கையிலே ஒற்றைச் சிலம்புமாகப் பாண்டியன் அரண்மனை வாயிலிலே கண்ணகி வந்து நிற்கும் கட்டம். காவலன் அஞ்சுகிறான், காவலன் சொல் கேட்டுக் கொற்றவன் அழைக்கிறான், மங்கை வழக்குரைக்கிறாள், மாணிக்கப் பரல் தெறிக்கிறது, மன்னன் மாள்கிறான். 1964 இல் 'பூம்புகார்' படத்துக்குக் கலைஞர் தீட்டிய உரையாடலைப் பாட்டைப்போல மனப்பாடம் செய்து ஒப்புவித்தவர்கள் நம் ஊர்களிலே ஏராளம். 1968 இல் சென்னைக் கடற்கரையிலே கண்ணகிக்குச் சிலை எழுந்தது. 2001 இல் அது அகற்றப்பட்டபோது தமிழகம் குமுறிற்று. 2006 இல் அதே கடற்கரைக்கு மீண்டது.

மறுபுறம் பெரியாரோ இந்தக் காப்பியத்தைச் சற்றும் தயங்காமல் சாடினார். கற்பெனும் பெயரால் பெண்ணடிமையைப் பேணும் ஏடு, மூடநம்பிக்கையை முத்தும் பவளமும் பூட்டி நடமாட விடும் ஏடு என்பது அவர் கருத்து. இயக்கத்துக்குள்ளேயே இருந்த இந்தக் கருத்து வேறுபாட்டிலே கட்சி கட்ட நான் வரவில்லை. வழக்குரை காதை என்று பெயரிட்டு இளங்கோ தந்ததை வழக்காகவே படித்தால் என்ன கிடைக்கிறது என்று பார்க்க விரும்புகிறேன். கைதட்டினோமே, எதற்காக? பத்தினியின் சினத்துக்கா, குடிமகள் ஒருத்தியின் உரிமைக்கா? சினத்துக்கென்றால் அது புராணம். பெரியார் பிரம்பை எடுத்தது சரியே. உரிமைக்கென்றால் அடுத்த கேள்வி எழுகிறது: அந்த உரிமை அந்த நாட்டிலே அவளுக்கு மட்டுமா, அனைவருக்குமா?

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோல் வேண்டுமே! மனுவின் ஏட்டைச் சற்றே புரட்டுவோம். குற்றம் செய்தவன் எந்த வருணத்தான் என்று பார்த்துத் தண்டனையைக் கூட்டிக் குறைக்கும் கொடுமையை நாம் மேடைதோறும் எடுத்துக் காட்டியிருக்கிறோம். எட்டாம் அத்தியாயத்திலே, பிராமணனை ஏசிய சத்திரியனுக்கு 100 பணம் தண்டம். சூத்திரன் ஏசினாலோ உடலிலே தண்டனை. அதே பிராமணன் சத்திரியனை ஏசினால் 50 பணம், வைசியனை ஏசினால் 25, சூத்திரனை ஏசினால் 12. இந்தக் கணக்கின் மறுபக்கத்தை நாம் போதிய அளவு பேசவில்லை. அடித்தவனுக்கு மட்டுமன்று, அடிபட்டவனுக்கும் மனு விலை குறித்திருக்கிறார். பதினோராம் அத்தியாயத்திற்குப் போனால் இது அப்பட்டமாகவே தெரியும். பிராமணனைக் கொன்றதற்குரிய கழுவாயிலே நாலிலொரு பங்கு சத்திரியனைக் கொன்றால். எட்டிலொரு பங்கு வைசியனைக் கொன்றால். சூத்திரனைக் கொன்றால் பதினாறிலொரு பங்கு, அதுவும் அவன் ஒழுக்கமுள்ள சூத்திரனாக இருந்தால்! சில வரிகள் தள்ளி, பூனை, கீரி, தவளை, நாய், ஆந்தை, காக்கை இவற்றைக் கொன்றவன் செய்ய வேண்டிய கழுவாய் எதுவென்று கேட்டால், சூத்திரனைக் கொன்றதற்கு உரியதே என்று விடை வருகிறது. செத்தவன் யார் என்று பார்த்துச் சாவுக்கு எடை போடும் தராசு இது. 1927 டிசம்பர் 25 அன்று மகாடிலே அண்ணல் அம்பேத்கர் இந்த ஏட்டுக்குத் தீயிட்டார். அந்தத் தேதியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். மற்றொரு தீயைப் பற்றிப் பின்னர் பேச வேண்டியிருக்கிறது.

இந்த மனுவுக்கு ஜெய்ப்பூரிலே, இராசஸ்தான் உயர்நீதிமன்றத்தின் வளாகத்திலேயே, 1989 இல் சிலை வைத்தார்கள். நம் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலே நிற்பவர் வேறொருவர்: மனுநீதிச் சோழன். பெயரிலே மனு ஒட்டிக்கொண்டிருந்தாலும் கதை நேர்மாறானது என்று சைவர்கள் சொல்வார்கள். சொல்வதிலே பாதி உண்மை. திருவாரூரிலே இளவரசனின் தேர்க்காலில் கன்று சிக்கி மடிகிறது; தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடிக்கிறது; அந்தணர் விதித்தபடி கழுவாய் செய்தால் போதும் என்கிறார்கள் அமைச்சர்கள். சேக்கிழாரின் சோழன் அதை ஏற்க மறுக்கிறான். பசுவின் துயரும் தன் துயரும் ஒன்று என்று தன் மகன்மீதே தேர் செலுத்துகிறான். கழுவாயைத் தள்ளிய அந்த ஓர் இடத்திலே அவன் மனுவை விட்டு விலகி நிற்கிறான். அதை மறைப்பது நேர்மையாகாது. ஆனால் முடிவு என்ன? சிவபெருமான் வருகிறார், கன்று எழுகிறது, மகன் எழுகிறான், கட்டளையை நிறைவேற்ற மனமின்றித் தன்னுயிரை மாய்த்துக்கொண்ட அமைச்சனும் எழுகிறான். செலவில்லாத நீதி! எந்த வழக்குமன்றத்துக்கும் இந்த வசதி கிடையாது.

வேறொன்றும் உண்டு. பசுவின் கொம்புக்கு எட்டும் உயரத்திலே மணி கட்டிய அதே பெரியபுராணத்திலே ஆதனூர் நந்தன் வருகிறார். புலையராகப் பிறந்த குற்றத்துக்காகத் திருப்புன்கூரிலே வெளியே நின்று, நந்தி விலகியதால் எட்டிப் பார்த்துத் திரும்புகிறார். தில்லையிலே தீயில் மூழ்கி எழுந்த பிறகே உள்ளே போகிறார். விலங்குக்கு மணி, மனிதனுக்கு நெருப்பு. ஆதனூர்ச் சேரியிலே ஒரு குழந்தை தேர்க்காலில் சிக்கியிருந்தால் அதன் தாய் அரண்மனைத் தெருவுக்குள் நுழைந்து மணிக்கயிற்றைத் தொட்டிருப்பாளா? அந்தக் காட்சியைச் சேக்கிழார் பாடவில்லை. அந்தக் காலத்துச் சமூகம் பாட விட்டிருக்காது.

இனிச் சிலம்புக்கு வருவோம்.

கோவலன் வழக்கை முதலில் பாருங்கள். கண்ணகி வழக்குரைத்தாள் என்று கொண்டாடும் நாம், கோவலனுக்கு வழக்கே நடக்கவில்லை என்பதை விரைந்து கடந்து விடுகிறோம். மன்னன் மன்றத்திலே இல்லை. ஊடிப்போன தேவியைத் தேடி அந்தப்புரத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறான். தேவியின் வாயிலிலே பொற்கொல்லன் காலில் விழுந்து புகார் சொல்கிறான். புகார் சொன்னவனே திருடன். அவனே ஒரே சாட்சி. சிலம்பு கையிலிருந்தால் கொன்று கொண்டு வருக என்று நடந்துகொண்டே ஆணை பிறக்கிறது. காவலர்கள் கோவலனைப் பார்த்துத் தயங்குகிறார்கள். இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்கிறார்கள். பொற்கொல்லனோ களவு நூல் எட்டு வழிகளைச் சொல்கிறதென்று விரிவுரை ஆற்றுகிறான். பேச்சு நடந்துகொண்டிருக்கையிலேயே குடிகாரன் ஒருவன் வாளை வீசி விடுகிறான். கோவலன் வாய் திறக்க ஒரு நொடி கிடைக்கவில்லை. குற்றம் சாட்டப்பட்டவன் கேட்கப்படாமல் செத்தான். அதனாலேயே அவன் மனைவி பாதிக்கப்பட்டவளாக வாயிலுக்கு வந்தாள். இந்த இரண்டும் ஒரே முடிச்சு. குற்றம் சாட்டப்பட்டவனின் உரிமையும் பாதிக்கப்பட்டவரின் உரிமையும் ஒன்றையொன்று விழுங்கும் என்று வாதிடுவோர், மதுரைக் கடைவீதியிலே நடந்ததைக் கண் திறந்து படிக்க வேண்டும்.

வாயிலுக்கு வந்தவள் செய்ததோ அழகான வாதம். மன்னன் நேரே சொல்கிறான், கள்வனைக் கொல்லுதல் கொடுங்கோல் அன்று என்று. அவள் பத்தினித்தனத்தைக் காட்டி அவனை அச்சுறுத்தவில்லை. என் சிலம்பிலே உள்ளது மாணிக்கம் என்கிறாள். எம்முடையதிலே முத்து என்கிறான் மன்னன். சிலம்பு வருகிறது, உடைகிறது, உண்மை வெளியாகிறது. தெய்வம் வரவில்லை, அசரீரி ஒலிக்கவில்லை. பொருட்சான்று, எதிர்ப்பக்கத்தின் வாக்குமூலம், மன்றத்திலே வைத்து ஆய்வு. அறிவியக்கத்தார் கைதட்டலாம்; கூசாமல் தட்டலாம். ஆணையிட்டவன் முகத்துக்கு நேரே நின்று, இடையிலே எவரையும் வைக்காமல், தன் இழப்பைத் தானே எடுத்துரைத்து, ஆதாரத்தைத் தானே காட்டும் உரிமை அவளுக்கு இருந்தது.

ஆனால் அவள் யார்? புகாரின் பெருவணிகன் மாநாய்கனின் மகள். கையிலே எஞ்சியிருந்ததோ மாணிக்கப் பரலிட்ட பொற்சிலம்பு. வறியவன் மனைவி ஒருத்தி மண்சட்டியைக் காட்டி வழக்குரைத்திருக்க முடியுமா? இது வெறும் ஊகமன்று. காப்பியமே விடை வைத்திருக்கிறது. கட்டுரை காதையிலே மதுரைத் தெய்வம் கண்ணகிக்கு ஆறுதல் சொல்ல வருகிறது. என்ன ஆறுதல்! முற்பிறப்பிலே கலிங்கத்துச் சிங்கபுரத்தில் உன் கணவன் பரதன் என்பவனாக இருந்தான். பண்டம் விற்க வந்த சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய் சொல்லிக் கொல்வித்தான். அந்த வினை இப்போது வந்து மூண்டது என்கிறது. கொலையுண்டவனே குற்றவாளி! இந்த ஊழ்வினைத் தத்துவத்தை வைத்துக்கொண்டு எந்தப் பிணத்தையும் பழிசொல்லிப் புதைத்து விடலாம். நான் நின்று பார்ப்பது அந்தச் சங்கமனின் மனைவி நீலியிடம். இது முறையா, இது முறையா என்று அவளும் தெருத்தெருவாகக் கதறுகிறாள். ஊராரைக் கேட்கிறாள், சேரியாரைக் கேட்கிறாள். 14 நாள் ஆகிறது. எந்த வாயிற்காவலனும் ஓடிப்போய் மன்னனுக்குச் சொல்லவில்லை. மலையேறிக் குதித்துச் சாகிறாள். கண்ணகியை வழிபடும் நாடு நீலிக்கு ஒரு நடுகல் நட்டதா?

அதே தெய்வம், அதே மூச்சிலே, பாண்டியர் செங்கோல் வளையாதென்று நிலைநாட்ட வார்த்திகன் கதையையும் சொல்கிறது. வார்த்திகன் ஓர் அந்தணன். பிறர் பொருளைக் கவர்ந்தான் என்று அரசின் ஆட்கள் தவறாகச் சிறையிலிட்டு விடுகிறார்கள். மனைவி கார்த்திகை அழுகிறாள். உடனே ஐயை கோயிற் கதவு திறவாமல் நின்று விடுகிறது. மன்னன் பதறுகிறான், ஆராய்கிறான், விடுவிக்கிறான். திருத்தங்கால், வயலூர் என்று இரண்டு ஊர்களை இழப்பீடாகத் தருகிறான். போதாதென்று காலில் விழுகிறான். சில நாள் சிறைக்கு இரண்டு ஊர், ஒரு தெய்வத்தின் வேலைநிறுத்தம், மன்னனின் மண்டியிடல். தலை துண்டிக்கப்பட்ட வணிகனுக்கோ எந்தக் கோயிற் கதவும் மூடவில்லை. எந்த மனைவியின் கண்ணீர் கதவை மூடும், எவளுடையது தெருப்புழுதியிலே காயும் என்பதைப் பிறப்பு முடிவு செய்திருக்கிறது. இளங்கோ மனுவைப்போலப் பதினாறிலொரு பங்கென்று கணக்கெழுதவில்லை. எனினும் அந்தக் கணக்கு கதைக்குள்ளே இழையோடுகிறது.

வஞ்சின மாலையிலே தீக்கடவுள் வருகிறானே, என்ன வேடம்? பார்ப்பன வேடம்! எவரைச் சுட வேண்டாமென்று ஆணை பெறுகிறான்? பார்ப்பாரை, அறவோரை, பசுவை, பத்தினியரை, முதியோரை, குழந்தைகளை. முதியோரையும் குழந்தைகளையும் விடு என்றது மனிதநேயம், ஏற்கிறோம். பட்டியலின் தொடக்கத்திலே நிற்பது எவர் என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உழைத்துப் பிழைத்த மதுரைக் குடிமகன், பொற்கொல்லனையும் அறியான், சிலம்பையும் காணான்; அவன் வீடு எரிந்தால் குற்றமில்லை!

இதற்கெல்லாம் மேலான கொடுமை ஒன்றை நம் மேடைகளிலே எவரும் பேசக் கேட்டதில்லை. உரைபெறு கட்டுரையிலே இருக்கிறது. நீர்ப்படைக் காதையிலே இரண்டாம் முறையும் சொல்லப்படுகிறது. மதுரை எரிந்தபின் பாண்டிய நாட்டிலே மழை பொய்க்கிறது, நோய் பரவுகிறது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகியின் சினம் தணிய வேள்வி செய்கிறான். ஒரே பகலிலே பலி கொடுக்கப்பட்டவர்கள் ஆயிரம் பொற்கொல்லர்கள். மழை பெய்கிறது, நாடு செழிக்கிறது, ஏடு மகிழ்கிறது.

ஆயிரம் பேர்! சிலம்பைத் திருடியவன் ஒருவன். மற்ற 999 பேர் செய்த குற்றம் என்ன? அவன் செய்த தொழிலைச் செய்தார்கள். அவன் குலத்திலே பிறந்தார்கள். அவர்களுள் எவருக்காவது விசாரணை நடந்ததா? கோவலனுக்காவது காவலர்களின் தயக்கம் ஒன்று கிடைத்தது. இந்த ஆயிரவருக்கு அதுவுமில்லை. அவர்கள் வீட்டிலே மனைவியர் இருந்திருப்பார்கள், தாயர் இருந்திருப்பார்கள். பொன் தட்டும் உலையிலே அன்று நெருப்பு அவிந்திருக்கும். அவர்களுள் ஒருத்தி கொற்கை வாயிலுக்குப் போய், என் கணவன் எந்தச் சிலம்பையும் தொட்டதில்லை என்று சொல்ல முடிந்ததா? பாதிக்கப்பட்ட ஒருத்தியின் பெயரால் அரசு ஆயிரம் பேரைப் பாதிக்கப்பட்டோராக்கிற்று; அவள் கேட்காமலேயே ஆக்கிற்று. உரிமையைப் பழியாகத் திரித்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் இலக்கியத்திலே எனக்குத் தெரியவில்லை. நம்மவர் எழுதிய நாடகங்களும் மதுரை எரிவதோடு திரையை விட்டு விடுகின்றன. கொற்கைக்குப் போக எவருக்கும் கால் வரவில்லை.

இன்றைய சட்டத்தையும் ஓர் ஏடாகவே எடுத்துப் படிப்போம். மன்னன் போனான், அரசு வந்தது. குற்றம் என்பது தனியாளுக்கு இழைத்த தீங்கு மட்டுமன்று, சமூகத்துக்கே இழைத்த தீங்கு. ஆகவே அரசே வழக்குத் தொடுக்கும் என்றார்கள். நல்ல கொள்கைதான், இல்லையென்றால் வலியவன் எளியவனை மிரட்டி வழக்கையே விலைக்கு வாங்கி விடுவான். ஆனால் அந்தக் கொள்கையின் நிழலிலே ஒரு கொடுமையும் வளர்ந்தது. வழக்கின் ஒருபுறம் அரசு, மறுபுறம் குற்றம் சாட்டப்பட்டவர். அடிபட்டவன் எங்கே? சாட்சிக் கூண்டிலே, எண்ணிட்ட சாட்சிகளுள் ஒருவனாக. கேட்டதற்கு விடை சொல்லலாம், கேட்காததைச் சொல்லக்கூடாது. கண்ணகி இன்று வந்தால், அரசுத் தரப்பு முதல் சாட்சி என்று அழைத்து, சிலம்பைச் சான்றுப் பொருளாக எண்ணிட்டு வாங்கிக்கொண்டு, போகலாம் அம்மா என்பார்கள்.

1968 டிசம்பர் 25. மகாடிலே மனுவின் ஏடு எரிந்து 41 ஆண்டு நிறைந்த அதே நாள் இரவு. கீழத் தஞ்சையின் கீழவெண்மணியிலே, கூலி உயர்வு கேட்ட உழவுத் தொழிலாளர் குடும்பங்கள் ஒளிந்திருந்த குடிசைக்குத் தீ வைக்கப்பட்டது. 44 பேர் கரிந்தனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். தாழ்த்தப்பட்ட மக்கள். அப்போது ஆட்சியிலே இருந்தது நம் இயக்கம். இதைச் சொல்லாமல் தாண்டிப் போகிறவன் பகுத்தறிவைப் பற்றிப் பேசத் தகுதியற்றவன். 1970 இல் நாகப்பட்டினம் அமர்வு நீதிமன்றம் நிலவுடைமையாளர்களுக்குத் தண்டனை அளித்தது. 1973 இல் சென்னை உயர்நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. பெருநிலமும் பெருஞ்செல்வமும் உடையவர்கள், மோட்டார் வண்டி வைத்திருப்பவர்கள், வேலையாட்களை ஏவாமல் தாமே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. மனுவின் பெயர் அந்தத் தீர்ப்பிலே இல்லை. இருக்க வேண்டிய தேவையும் இல்லை.

வெண்மணித் தாய்மார் அதன்பின் என்ன செய்திருக்க முடியும்? 1898 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், காவல்துறை நடத்திய வழக்கிலே விடுதலையை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமை அரசினுடையது. எரிந்தவரின் உறவினருக்கு அது இல்லை. உச்சநீதிமன்றத்தின் சிறப்பு அனுமதியை வேண்டி நிற்கலாம். அது வேண்டுகோள், உரிமையன்று. அந்த வேண்டுகோளைத் தனியாள் கொண்டு வரலாமா என்பதே கேள்விக்குள்ளாயிற்று. தமிழ்நாட்டுக் கொலை வழக்கொன்றிலே உயர்நீதிமன்றம் விடுவித்தவரை, கொலையுண்டவரின் உடன்பிறந்தார் முறையிட்டதன்பேரில் உச்சநீதிமன்றம் தண்டித்தது. செத்தவனின் தம்பியோ அண்ணனோ எந்த உரிமையிலே வந்தான் என்று தண்டிக்கப்பட்டவர் வழக்காடினார். ஐந்து நீதிபதிகள் 1980 இல் அந்த வழக்கைத் தள்ளினார்கள். அதே 1980 இல் வெண்மணி வழக்கிலே முதல் எதிரியாக நின்று விடுதலை பெற்ற நிலவுடைமையாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். சட்டத்தின் வாயில் மூடினால் எந்த வாயில் திறக்கும் என்பதை மதுரைக்குப்பின் மீண்டும் ஒருமுறை நாடு பார்த்தது. அந்த அரிவாளை நான் போற்ற மாட்டேன். அது எங்கிருந்து வந்ததென்று கேட்காமலும் இருக்க மாட்டேன்.

இலக்கியம் வெண்மணிக்கு என்ன செய்தது? இந்திரா பார்த்தசாரதியின் 'குருதிப்புனல்' 1975 இல் வந்தது. 1977 இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. எழுத்தின் திறத்தை நான் குறைத்துச் சொல்லேன். ஆனால் கதையை நடத்திச் செல்பவன் தில்லியிலிருந்து வந்த படித்தவன். நூலின் நடுவிலே அமர்ந்திருப்பது நிலவுடைமையாளரின் ஆண்மைக் குறையும் அதனால் அவர் மனத்திலே எழுந்த சிக்கலும். கூலி நெல்லுக்காகக் கேட்ட குரல் எங்கோ தொலைவிலே ஒலிக்கிறது. எரிந்தவர்களுக்கு நூலிலும் சாட்சி எண்தான் கிடைத்தது என்பது என் மனக்குறை.

சட்டம் பிற்பாடு அசைந்திருக்கிறது. அசையவில்லை என்றால் பொய்யாகும். 1985 இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவை, குற்றத்தால் பாதிக்கப்பட்டோர்க்கான நீதியின் அடிப்படை நெறிகளை அறிவித்தது. இந்தியா விழிக்க மேலும் 24 ஆண்டு ஆயிற்று. 2009 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம், பாதிக்கப்பட்டவர் என்ற சொல்லுக்கு முதன்முறையாகச் சட்டத்திலே இலக்கணம் வகுத்தது. காப்பாளரும் சட்டப்படியான வாரிசும் அதிலே அடங்குவர். (அடைக்கலம் தந்தவள் அடங்க மாட்டாள், கண்ணகிக்கு இடம் தந்து, கோவலன் சாவு கேட்டுத் தீயிலே விழுந்த ஆயர்மகள் மாதரிக்கு இந்த இலக்கணத்திலே இடமில்லை.) விடுதலையை எதிர்த்து மேல்முறையிடும் உரிமை வந்தது. அதற்கு முன்அனுமதி தேவையில்லை என்று 2018 இல் உச்சநீதிமன்றம் தெளிவாக்கிற்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலே 2016 முதல் நடைமுறையிலுள்ள 15ஏ பிரிவு, பிணை மனு உட்படத் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் வழக்கு நிகழ்ச்சிகள் அனைத்தையும் பாதிக்கப்பட்டவருக்கு அறிவிக்கச் சொல்கிறது. 2021 இல் உத்தரப்பிரதேசத்து லக்கிம்பூர் கேரியிலே போராடிய உழவர்கள்மீது வண்டி ஏற்றப்பட்ட வழக்கிலே, ஒன்றிய அமைச்சர் ஒருவரின் மகனுக்கு உயர்நீதிமன்றம் பிணை தந்தது. உழவர் குடும்பத்தார்க்குப் பேச உரிய வாய்ப்புத் தரவில்லை என்று 2022 இல் உச்சநீதிமன்றம் அந்தப் பிணையை நீக்கிற்று. புலனாய்வு தொடங்கி மேல்முறையீடு வரை ஒவ்வொரு கட்டத்திலும் கேட்கப்படும் உரிமை பாதிக்கப்பட்டவர்க்கு உண்டென்றது.

2024 சூலை 1 முதல் புதிய சட்டம் வந்திருக்கிறது. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்று பெயர்! நெல்லறுக்கும் தமிழ்ப்பெண் தன் வழக்கு எந்தச் சட்டத்தின்கீழ் நடக்கிறதென்று சொல்லவே நாக்கைச் சுளுக்கிக்கொள்ள வேண்டும். பெயர் போகட்டும், உள்ளே பாருங்கள். புலனாய்வின் நிலையை 90 நாளுக்குள் பாதிக்கப்பட்டவருக்குச் சொல்ல வேண்டும் என்கிறது; அரசு வழக்கைத் திரும்பப் பெறுமுன் அவரைக் கேட்க வேண்டும் என்கிறது. இரண்டும் நல்லவை. காவல்துறையின் அறிக்கைப் படியைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் விலையின்றித் தர வேண்டும் என்கிறது 230 ஆம் பிரிவு. ஆகா என்று எழுந்திருக்குமுன் அடைப்புக்குறிக்குள்ளே இருப்பதைப் படியுங்கள்: பாதிக்கப்பட்டவர் வழக்கறிஞர் வைத்திருந்தால்! மாணிக்கச் சிலம்பு உள்ளவளுக்கு மன்றம், இல்லாதவளுக்கு? குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கறிஞர் இல்லையென்றால் அரசு செலவில் அமர்த்தித் தர வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது, சொல்லவும் வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கு அதற்கிணையான கட்டாயம் இல்லை. பெண்டிரும் தாழ்த்தப்பட்டோரும் சட்டப்பணிகள் குழுவிடம் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பிக்கலாம் என்று அவர்களிடம் யார் சொல்வது?

வழக்கறிஞரையே வைத்துக்கொண்டாள் என்று கொள்வோம். 338 ஆம் பிரிவு அவரை அரசு வழக்குரைஞரின் கட்டளைக்குக் கீழே உட்கார வைக்கிறது. சாட்சி விசாரணை முடிந்தபின், மன்றம் இசைந்தால், எழுத்திலே வாதம் தரலாம். பாதிக்கப்பட்டவரின் வழக்கறிஞர் தாமே எழுந்து சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யலாகாது என்று 2019 இல் உச்சநீதிமன்றம் கூறிற்று. தண்டனை குறைவென்று மேல்முறையிடவும் அவருக்கு உரிமை இல்லை. அந்தக் கதவின் திறவுகோல் அரசிடம் இருக்கிறது.

தோழர்கள் சிலர் என்னிடம் கேட்கிறார்கள்: இந்த நாட்டிலே சிறைகளை நிரப்புவோர் ஏழைகள், பாதிக்கப்பட்டவர் கையிலே ஆயுதம் தந்தால் அது அந்த ஏழைகள்மீதல்லவா பாயும்? நேர்மையான அச்சம். கொற்கை ஆயிரவரை நான் நெடுநேரம் பேசியதும் இந்த அச்சத்தை மனத்திலே வைத்தே. தண்டிக்கும் உரிமையைப் பாதிக்கப்பட்டவரிடம் தரச் சொல்லவில்லை. கேட்கப்படும் உரிமையைத் தரச் சொல்கிறேன். கூடுதல் தண்டனை வேண்டுமென்று ஒருவர் வாதிடலாம். தருவதா இல்லையா என்பது மன்றத்தின் வேலை. பொய்ச் சான்றால் ஏழை ஒருவன் மாட்டும்போது, உண்மைக் குற்றவாளி இவனல்லன் என்று முதலில் சொல்லக்கூடியவரும் பெரும்பாலும் பாதிக்கப்பட்டவரே. அவர் வாயை அடைத்தால் பொற்கொல்லனுக்கு மட்டுமே ஆதாயம். அன்றியும், இப்போதுள்ள நிலை எல்லார்க்கும் ஒரே நிலையா? செல்வர் வீட்டிலே கொலை விழுந்தால் பெயர்பெற்ற வழக்கறிஞர் அரசு வழக்குரைஞரின் காதோரம் அமர்ந்து ஒவ்வொரு கேள்வியையும் எழுதித் தருகிறார். சேரியிலே விழுந்தால் வழக்கு எந்த நாளிலே எடுக்கப்படுகிறது என்பதே தெரியாமல் வராந்தாவிலே உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த நிலையை நடுநிலை என்று அழைக்க எனக்கு நாக்கு வரவில்லை.

குற்றவியல் நடைமுறை பொதுப் பட்டியலிலே இருக்கிறது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் திருத்தம் கொண்டு வரலாம். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வேண்டும், அவ்வளவே. 230 ஆம் பிரிவின் அடைப்புக்குறியை நீக்குவது ஒரு வரித் திருத்தம். வழக்கறிஞர் இல்லாத பாதிக்கப்பட்டவருக்கு அரசு செலவில் வழக்கறிஞர் என்பதும், 338 இன்கீழ் அவர் மன்றத்தின் இசைவோடு சாட்சியைக் கேள்வி கேட்கலாம் என்பதும், தண்டனையை எதிர்த்து அவர் மேல்முறையிடலாம் என்பதும் மூன்று பத்திகளுக்குள் அடங்கும். 15ஏ பிரிவு தமிழிலே துண்டறிக்கையாக அச்சாகிக் காவல் நிலையச் சுவரிலே ஒட்டப்பட வேண்டும். அதற்குத் தில்லியின் ஒப்புதலும் தேவையில்லை. மன்றத் தோழர்கள் இந்த ஆண்டு சிலப்பதிகார நாடகம் போடுவதானால், மதுரை எரிந்ததும் திரையை விடாமல், கொற்கைப் பொற்கொல்லர் வீதியிலே இன்னும் ஒரு காட்சி எழுதுங்கள்.